எரிச்சல் வேறு, பிழை வேறு



எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் நம் புலனக் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ‘பிழை’, வலப்பக்கம் ‘திருத்தம்’. ‘வாழ்த்துக்கள்’ தவறு, ‘வாழ்த்துகள்’ சரி. ‘சுவற்றில்’ தவறு, ‘சுவரில்’ சரி. ‘முயற்சிக்கிறேன்’ தவறு, ‘முயல்கிறேன்’ சரி. இப்படி நூறு, நூற்றைம்பது வரிகள். யார் தொகுத்தது என்று இருக்காது. ஏன் தவறு என்றும் இருக்காது. நாமும் ஒரு கும்பிடு போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவோம்.

நானும் அனுப்பியவள்தான். இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியதும்கூட.

31 வட்டங்கள்

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் படிவம் 4 மாணவன் ஒருவன் ‘என் பாட்டி’ என்று ஒரு கட்டுரை எழுதி வந்தான். பாட்டி கோப்பேங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பசியாறி, பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் சீவி முடிக்க வேண்டும்; வெயில் வந்தால் பால் இறங்காது. மங்கைத் துடைத்து வைப்பது, ஒட்டுப்பால் பிரிப்பது, பெரிய சடக்குவரை நடந்து வருவது எல்லாம் அதில் இருந்தன. இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை. லயமும் இல்லை.

நான் அதைப் படிக்கவில்லை, திருத்தினேன். ஆசிரியர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சிவப்பு மையில் 31 வட்டங்கள் போட்டேன். கீழே “பிழைகளைத் தவிர்க்கவும்” என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுவாரம் அவன் வந்து நின்றான். “டீச்சர், அடுத்த வருசம் நான் தமிழ் எடுக்கல.”

உண்மையைச் சொல்கிறேன். ‘எடுக்கல’ என்பதைத் திருத்தத்தான் எனக்கு முதலில் வாய் வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டேன். “நான் எழுதினது எல்லாம் பாட்டி பேசுறதுதான் டீச்சர். அது எல்லாமே தப்புன்னா, எனக்கு வேற தமிழ் தெரியாது.”

அப்போது என் வகுப்பில் 17 பேர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோராவது கேட்க வேண்டும். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இந்தப் பதினைந்துதான் கணக்கு. 17, 16 ஆகும். பிறகு 15. அதற்கும் கீழே போனால் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஒரு பிள்ளை விலகுவது நமக்கு வெறும் மனவருத்தம் இல்லை, எண்ணிக்கை.

அன்றிரவு அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஏன் போட்டேன் என்று பார்த்தேன். 12 வட்டங்கள் தோட்டத்துச் சொற்களுக்கும் பேச்சு வடிவங்களுக்கும். 6 வட்டங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போட்டவை. 6 வட்டங்கள் வல்லினம் மிகாததற்கு. அந்த ஆறு இடங்களிலும் பொருள் மாறவே இல்லை. உண்மையிலேயே வாசிப்பவரைத் தடுக்கும் பிழைகள் 7.

ஆக, 24 வட்டங்கள் என் எரிச்சல். 7 வட்டங்கள்தான் அவன் பிழை.

பட்டியலின் குறை என்ன?

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் குறைகளைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது முதல் குறை. காரணம் சொல்லாதது இரண்டாவது. அறிஞர்களிடையே முடியாத வழக்குகளை முடிந்ததுபோல் காட்டுவது மூன்றாவது.

‘வாழ்த்துக்கள்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். வாழ்த்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். அதன் பின் வல்லினம் மிகும்: எழுத்துக்கலை, பாட்டுப்போட்டி. ஆகவே ‘வாழ்த்துக்கள்’ சரி என்கிறார்கள் ஒரு சாரார். ‘கள்’ தனிச்சொல் இல்லை, விகுதி. அதனால் புணர்ச்சி விதி இங்கே பொருந்தாது என்கிறார்கள் மறு சாரார். இரண்டு பக்கமும் தமிழறிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பட்டியலோ, “க் போட்டால் குடிக்கிற கள் ஆகிவிடும்” என்று ஒரு நகைச்சுவையைக் காரணமாகத் தருகிறது. அப்படியானால் பூக்கள், பசுக்கள் என்ன ஆவது? அவற்றை யாரும் குறை சொல்வதில்லையே!

நான் வகுப்பில் ‘வாழ்த்துகள்’ என்றுதான் எழுதுகிறேன். ஆனால் மாணவன் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் வட்டம் போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

‘அருகாமை’ வேறு வகை. கல்லாமை, செய்யாமை போல அது எதிர்மறை அமைப்பு. இலக்கணப்படி பார்த்தால் ‘நெருங்காமை’ என்றுதான் பொருள் வரவேண்டும். பட்டியல் சொல்வது இங்கே நியாயம்தான். ஆனாலும் “பள்ளிக்கு அருகாமையில் கோயில்” என்று படிக்கும் எவரும் கோயில் தூரத்தில் இருப்பதாக நினைப்பதில்லை. ‘அருகில்’ என்று நான் சொல்லிக் கொடுக்கிறேன். அது சரியான வடிவம், சுருக்கமானதும்கூட. இந்தக் காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘தப்பு’ என்று மட்டும் சொன்னால் மறந்துபோகிறார்கள்.

‘சுவற்றில்’ என்பது தெளிவான பிழை. கிணறு, ஆறு, சோறு என்று ‘று’வில் முடிந்தால் கிணற்றில், ஆற்றில், சோற்றில் என்று வரும். சுவர் ‘ர்’இல் முடிகிறது, ஆகவே சுவரில். இதற்கு ஒரு நிமிட விளக்கம் போதும். அப்புறம் தேரில், ஊரில், வேரில் எல்லாம் தானாகவே சரியாக வந்துவிடும். காரணம் தெரிந்தால் ஒரு திருத்தம் நூறு சொல்லுக்கு உதவும். வெறும் பட்டியல் அந்த ஒரு சொல்லுக்குத்தான் உதவும்.

அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்ற நூலை இன்னும் பலர் தேடிப் படிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதுவும் பிழைகளைச் சொல்லும் நூல்தான். ஆனால் விதியும் எடுத்துக்காட்டுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். நம் பட்டியல், நூல்களில் இருக்கும் விளக்கத்தை உதிர்த்துவிட்டு விடையை மட்டும் பொறுக்கிக்கொண்டது.

நம் இலக்கணத்திலேயே மூன்று நிலை இருக்கிறது

பட்டயப் படிப்புக் காலத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான். வகுப்பறைக்கு வந்ததும் மறந்துவிட்டோம். தமிழ் இலக்கணம் ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு பெட்டியோடு நிற்கவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாக வகுத்த அதே நன்னூல்தான், எந்த வழுவை எதனால் ஏற்கலாம் என்றும் சொல்கிறது.

கன்றுபோட்ட பசுவைப் பார்த்து, “எங்க அம்மா வந்துட்டா” என்றால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது, ஆகவே அமைதி. வருகைப் பதிவு எடுக்கும்போது சிற்றுண்டிச்சாலைப் பக்கமிருந்து ஒருவன், “வந்துட்டேன் டீச்சர்!” என்று கத்துகிறான். இன்னும் வரவில்லை, காலம் வழு. ஆனால் விரைவினால் சொன்னது, அமைதி. இலக்கண ஆசிரியர் வட்டம் போடுவதற்கு முன் ‘ஏன் இப்படிச் சொன்னான்?’ என்று கேட்டார். காரணம் இருந்தால் ஏற்றார், இல்லாவிட்டால் வழு என்றார். அவரைவிடக் கண்டிப்பானவர்களாக நாம் ஏன் இருக்க வேண்டும்?

நேற்றைய வழு இன்றைய விதியாவதும் உண்டு. தொல்காப்பியர் ‘கள்’ விகுதியை அஃறிணைப் பெயர்களுக்குத்தான் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி ‘மாணவர்கள்’ பிழை. மாணவர் என்பதே பன்மை. அதன்மேல் இன்னொரு பன்மை எதற்கு? ஆனால் ‘அவர்’ என்ற பன்மை ஒருவரை மதித்துச் சொல்லும் சொல்லாக மாறிவிட்டது. அப்புறம் பலரைச் சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது, ‘அவர்கள்’ வந்தது. பிறகு அதுவும் மரியாதைக்குப் போய் ‘தலைவர் அவர்கள்’ ஆயிற்று. இதில் யாருடைய அறியாமையும் இல்லை. தேவை இருந்தது, மொழி வழி கண்டுபிடித்தது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘யூ’ என்பது முன்பு பன்மை. மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லப்போய், ஒருமைக்கு இருந்த ‘தவ்’ வழக்கொழிந்தது. பன்மைக்கு வழியில்லாமல் போனதால் இப்போது நாம் ஈப்போவில் ‘யூ ஆல்’ என்கிறோம். அதைக் கேட்டுப் பல்லைக் கடிக்கும் ஆங்கில ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் பல்லைக் கடிக்கும் சத்தமும் நம்முடையதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஃபவ்லர் என்பவர் 1926இல் ஆங்கில வழக்குக்கு ஓர் அகராதி வெளியிட்டார். பிழை பொறுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அதற்குமுன் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த அகராதியிலேயே ‘மூடநம்பிக்கைகள்’ என்று ஒரு பகுதி வைத்தார். வாக்கியத்தை ‘அண்ட்’, ‘பட்’ போட்டுத் தொடங்கக்கூடாது என்பது போன்ற, ஆசிரியர்கள் காரணமறியாமல் கைமாற்றிவந்த தடைகள் அதில் உண்டு. நமக்கும் அப்படியொரு பகுதி தேவைப்படுகிறது.

கித்தா தவறா? இரப்பர் சரியா?

அந்த 12 வட்டங்களுக்கு வருகிறேன். மாணவன் ‘கித்தா மரம்’ என்று எழுதியதை அடித்து ‘இரப்பர் மரம்’ என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பாருங்கள். கித்தா மலாயிலிருந்து வந்தது. ரப்பர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. முன்னால் ஓர் ‘இ’ போட்டதும் அது செந்தமிழ் ஆகிவிட்டதா? தோட்டத்தில் உழைத்தவர்கள் வாயில் வந்த கடன்சொல் தவறு, வெள்ளைக்காரத் துரையின் வாயில் வந்த கடன்சொல் சரி என்று நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

மங்கு மலாய் ‘மங்கோக்’. சடக்கு இந்தி. லயம் ஆங்கில ‘லைன்’. வேறு மொழி நிலங்களிலிருந்து வரும் சொல்லுக்கு இலக்கணம் வைத்த பெயர் திசைச்சொல். இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகப் பேராவில் புழங்கும் சொல் திசைச்சொல் இல்லையென்றால் வேறு எது திசைச்சொல்?

‘பசியாறி’ என்பதற்கும் வட்டம் போட்டு ‘காலை உணவு உண்டு’ என்று எழுதியிருந்தேன். இதற்கு நான் இன்றும் வெட்கப்படுகிறேன். பசி ஆறுவது என்பதில் எந்த மொழிக் கடனும் இல்லை. நம் மண்ணில் காலைச் சாப்பாட்டுக்கு நிலைத்துவிட்ட அழகான தமிழ் அது. அதை அடித்துவிட்டு, ‘பிரேக்ஃபாஸ்ட்’டின் மொழிபெயர்ப்பை அதன்மேல் எழுதினேன்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். சிம்பாங் பூலாய், சிம்பாங் புலாய், சிம்பாங் பூலை என்று மூன்று விதமாகப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எது சரி என்று கேட்டால், ஒன்றைத் தேர்ந்தெடு, கட்டுரை முழுக்க அதையே எழுது என்கிறேன். பிறமொழிப் பெயரை ஒலிபெயர்க்கும்போது ஒரே சீராக எழுதுவதுதான் முக்கியம்.

அப்படியானால் பிழையே இல்லையா?

இருக்கிறது. அதற்குத்தான் மையை மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன். அந்த 7 வட்டங்கள் எவை?

‘குழந்தைகள் வந்தது’ என்று இரண்டு இடம். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று ஓரிடம். ஒவ்வொரு மாணவரும் என்று வரவேண்டும். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகாவிட்டால் நீண்ட வாக்கியத்தில் யார் செய்தது என்றே தெரியாமல் போகும். ‘மழை’ என்பதற்கு ‘மலை’, ‘கறி’ என்பதற்கு ‘கரி’. பாட்டி கரி சமைத்தார் என்றால் சிரிப்பு வரும், ஆனால் அது பிழை. ‘மற்றும்’ ஓரிடம்: ‘பாட்டி மற்றும் தாத்தா மற்றும் அத்தை’. பாட்டியும் தாத்தாவும் அத்தையும் என்று சொல்ல நமக்கு ‘உம்’ இருக்கிறது. அரசாங்கப் பாரங்களின் மொழிபெயர்ப்பைப் படித்துப் படித்து வந்த பழக்கம் இது. கடைசியாக, எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு வாக்கியம்.

சந்தியிலும் பொருள் மாறுகிற இடத்தை விடக்கூடாது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ‘வேலை கொடு’ என்றால் வேலை கேட்கிறான்; ‘வேலைக் கொடு’ என்றால் முருகனிடம் வேலைக் கேட்கிறான். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் சந்தி எதற்கு என்று பிள்ளைகளுக்கு விளங்குகிறது. ‘பாட்டி வீட்டுக்கு போனேன்’ என்பதில் ‘க்’ இல்லாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“தேர்வுத்தாள் திருத்துபவர் விடுவாரா?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. தேர்வுக்கென்று ஓர் எழுத்து நடை உண்டு. அதை நாம் கற்பித்தே ஆகவேண்டும். ஆனால் ‘இது தேர்வு நடை, இந்த இடத்தில் இப்படி எழுது’ என்று சொல்வது வேறு. ‘உன் வீட்டில் பேசுவது தவறு’ என்று சொல்வது வேறு. முதலாவதைக் கேட்டால் மாணவனுக்கு இரண்டு தமிழ் கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டால் இருந்த ஒன்றும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் பிள்ளைகளிடம் காட்டும் கண்டிப்பைப் பெரியவர்களிடம் காட்டுவதில்லை. மண்டபத்தில் ‘வாள்த்துகிறோம்’ என்று பதாகை தொங்கும். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடைந்த தமிழில் அறிவிப்புப் பலகை நிற்கும். “என்ன செய்வது” என்று கடந்து போகிறோம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தப்பினால் கூனிக் குறுகிவிடுவோம். தமிழில் என்றால் சிரித்துக்கொள்வோம். அந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து கடைசியில் எங்கே இறங்குகிறது? எதிர்த்துப் பேச முடியாத படிவம் 4 பிள்ளையின் தாளில். பட்டியலை அனுப்புவதாக இருந்தால், பதாகை அச்சடிக்கப் போகிறவருக்கு முதலில் அனுப்புங்கள்.

இப்போது நான் செய்வது

உங்கள் வகுப்புக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. முதல் வாசிப்பில் பேனாவை எடுப்பதில்லை. சொல்ல வந்த விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுவேன். ‘ஒட்டுப்பாலை என்ன செய்வார்கள்?’ என்பது மாதிரி.

2. பொருளைக் கெடுக்கும் பிழைக்கு மட்டும் வட்டம். ஒரு கட்டுரைக்கு அதிகம் போனால் ஏழு. அதே பிழை திரும்ப வந்தால் முதல் இடத்தில் மட்டும் வட்டம். மற்றதை அவர்களே தேட வேண்டும்.

3. பேச்சு வடிவத்துக்கும் வட்டாரச் சொல்லுக்கும் கீழே பென்சில் கோடு. அதற்குப் பொருள் ‘தவறு’ அல்ல. ‘இதற்கு எழுத்து நடை தெரியுமா?’ என்பது. உரையாடலுக்குள் வந்தால் அந்தக் கோடும் கிடையாது.

4. கருத்து வேறுபாடு உள்ள வடிவங்களை வகுப்பில் விவாதிக்க விடுகிறேன். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை போட்டார்கள். குற்றியலுகரத்தை அன்றைக்குப் படித்த மாதிரி அவர்கள் என்றைக்கும் படித்ததில்லை.

அந்த மாணவனிடம் கட்டுரையைத் திருப்பி வாங்கி, வேறொரு தாளில் மறுபடி திருத்திக் கொடுத்தேன். முன்பு போட்டது என் தவறு என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. படிவம் 5இல் வகுப்பில் இருந்தான். அதற்கு என் திருத்தம்தான் காரணமா, அவன் அம்மா சொன்னாரா, எனக்குத் தெரியாது. கடைசிவரை ‘குழந்தைகள் வந்தது’ என்றுதான் எழுதினான். நானும் கடைசிவரை அதற்கு வட்டம் போட்டேன். அது மட்டும் பிழைதான் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இந்த வாரம் நீங்கள் திருத்திய ஒரு கட்டுரையை எடுத்துப் பாருங்கள். வட்டங்களை எண்ணுங்கள். எத்தனை பிழை, எத்தனை எரிச்சல் என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு என்ன வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.